மூன்று மணிக்கு விழிக்கும் படங்கள்

லூனாஸ்
4 மார்ச் 2024

செரீனா,

இதைப் படித்துவிட்டுத் தொலைபேசியை எடுக்காதே. வீட்டுக்கும் வராதே. நேரில் பேசினால் நீ அழுவாய். நீ அழுதால் நான் தேநீர் போட எழுந்து போய்விடுவேன். கேட்க வேண்டியது அப்படியே நின்றுவிடும். கூலிமிலிருந்து இங்கே தபால் வர இரண்டு நாள்தான். எழுது.

நேற்று பக்கிரிசாமியின் பதினாறாம் நாள் படையலுக்குப் போனேன். எங்கள் வரிசையில் மூன்றாவது வீடு, உனக்குத் தெரியும். முப்பது வருடம் ரப்பர் பால் லாரி ஓட்டிய மனிதர். அவருடைய இடது கண் யாரைப் பார்த்தாலும் அடுத்த ஆளைத்தான் பார்க்கும். நடுக்கூடத்தில் மாலை போட்டு அவர் படத்தை மாட்டியிருந்தார்கள். பிறந்ததிலிருந்து அவர் போடாத கோட்டும் டையும் போட்டிருந்தார். அதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். ஆனால் இரண்டு கண்களும் நேராக இருந்தன. அவை பக்கிரிசாமியின் கண்கள் அல்ல. உன் பெரியப்பாவின் கண்கள்.

அவர் மகள் பக்கத்தில் வந்து, "என்னா டீச்சர், அப்பா நல்லா வந்திருக்காரா?" என்று கேட்டாள். நன்றாக இருக்கிறார் என்றேன். தவக்காலத்தில் நான் சொன்ன முதல் பொய் அது. யார் செய்தது என்று கேட்டேன். "கூலிம்ல ஒரு அக்கா டீச்சர். ஃபேக்டரி வேலை. சைடுல டிசைன் பண்றாங்க. செத்தவங்களுக்கு உசுரு குடுக்குற மாதிரி பண்ணுவாங்க லா" என்றாள்.

முந்தின வருடத்துக்கு முந்தின வருடம் என் பெட்டியில் கரையான் ஏறி உன் பெரியப்பா லியோனார்டின் படங்கள் ஒன்று விடாமல் போயின. உன் அப்பாவின் ஆல்பத்தில் கிடைத்ததை வைத்து நீதான் எனக்கு ஒரு பெரிய படம் செய்து தந்தாய். அந்தக் கண்கள் வேறு யார் கணினியிலும் இல்லை.

இரண்டு கேள்விகள். எத்தனை பேருக்கு வைத்தாய்? எப்போது தொடங்கினாய்? தேதி தெரிந்தால் தேதியோடு எழுது.

அகத்தா லியோனார்ட்

பி.கு. எழுத்து கோட்டை விட்டு இறங்கியிருக்கும். கண் மங்குகிறது. கண்புரை அறுவை நன்றாகத்தான் இருக்கிறது, வேறு கோளாறு எதுவும் இல்லை என்று பினாங்கு டாக்டர் இரண்டு முறை சொல்லிவிட்டார்.


கூலிம்
9 மார்ச் 2024

அன்புள்ள பெரியம்மா,

வேலை முடிந்து வந்து, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் உங்கள் கடிதத்தை நின்றபடியே படித்தேன். நீங்கள் பார்த்தது சரிதான். உங்கள் கூடத்துப் படத்தில் இருக்கும் அதே கண்களைத்தான் பக்கிரிசாமி அங்கிளுக்கும் வைத்தேன். "அப்பாவோட மாறுகண்ணு தெரியாம பண்ணிக் குடுங்க" என்று அந்தப் பிள்ளை கேட்டது. பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

எப்படி ஆரம்பித்தேன் என்று சொல்லிவிடுகிறேன். ஃபேக்டரியில் ஓவர்டைம் நின்றுபோனது. என் மகள் பாப்பா பாலிடெக்னிக்கில் சேர்ந்தாள். எனக்குத் தெரிந்த வேறு வேலை இது ஒன்றுதான். கல்யாண அட்டை, பிறந்தநாள் பேனர், கோயில் திருவிழா பேனர் எல்லாம் செய்கிறேன். ஆனால் கல்யாணக்காரர்கள் ஆறு மாதம் யோசிப்பார்கள், எழுத்தின் நிறத்தை ஒன்பது முறை மாற்றுவார்கள். சாவுக்காரர்களுக்கு அன்றைக்கே வேண்டும். மாற்றவும் சொல்ல மாட்டார்கள்.

அவர்கள் அனுப்பும் படங்களைப் பார்த்தால் உங்களுக்கு மனம் தாங்காது பெரியம்மா. அடையாள அட்டையின் ஜெராக்ஸ். பேரப்பிள்ளையின் கேக்குக்குப் பின்னால் பாதி மறைந்த முகம். சில நேரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் எடுத்தது, கண் மூடியபடி. "அக்கா, கண்ண மட்டும் தெறந்து வுடுங்க" என்பார்கள். அது எனக்குப் பழகிவிட்டது. கணினியில் ஒரு படம் என்பது ஒன்றின் மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித் தாள்கள் மாதிரி. முகம் ஒரு தாள், கோட்டு ஒரு தாள், கண் ஒரு தாள். கண் தாளை மட்டும் தூக்கி இன்னொருவர் மேல் வைக்கலாம்.

இன்டர்நெட்டில் கிடைக்கும் கண்கள் கடையில் விற்கும் பொம்மைக் கண்கள் மாதிரி இருக்கும். போன ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி பெண்டாங்கிலிருந்து ஓர் ஆர்டர். இரண்டு மணிக்கு உடலை எடுக்கிறார்கள், என்னிடம் ஒரு மணி நேரம்தான் இருந்தது. கையில் இருந்த கண் தாளை எடுத்து வைத்துவிட்டேன். அன்று சாயங்காலம் அந்த வீட்டு மருமகள் பிரேமாவதி போன் செய்து, "அக்கா, மாமா என்னையேதான் பாக்குறாரு. கோவமே இல்லாம பாக்குறாரு" என்று அழுதாள். அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாம், "பெண்டாங் வீட்டுக்கு செஞ்ச மாதிரி" என்று கேட்டே வந்தார்கள்.

ஒன்பது வீடு பெரியம்மா. உங்கள் வீட்டைச் சேர்க்காமல்.

உங்களிடம் கேட்காமல் செய்தது தவறு. என்ன சொல்கிறீர்களோ செய்கிறேன்.

செரீனா


லூனாஸ்
14 மார்ச் 2024

செரீனா,

ஆகஸ்ட் பன்னிரண்டு. என் மருத்துவ அட்டையை எடுத்துப் பார்த்தேன். கண்ணாடியில் மூச்சு பட்ட மாதிரி மங்குகிறது என்று நான் முதலில் டாக்டரிடம் போனது ஆகஸ்ட் இருபத்தொன்று.

இனி எழுதப் போவதை நீ யாரிடமும் காட்டக் கூடாது. பங்குச் சாமியாரிடம்கூட நான் இதைச் சொல்லவில்லை. கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நீ நினைத்தால் நினைத்துக்கொள், ஆனால் கடைசி வரை படி.

தினமும் பிற்பகல் மூன்று மணிக்கு இறை இரக்க செபம் சொல்வேன். கண்ணை மூடிக்கொண்டுதான் சொல்வேன், கான்வென்டில் பழகியது. இரவு தூக்கத்தில் எனக்கு ஒன்றும் தெரிவதில்லை. இந்தச் செபத்தில் மட்டும், சில மாதங்களாக, மூடிய கண்ணுக்குள் அறைகள் தெரிகின்றன. என் வீட்டு அறைகள் அல்ல. சுவரில் பச்சை வண்ணம் அடித்த ஒரு கூடம். உள்ளேயே நிறுத்தி வைத்த மோட்டார் சைக்கிள். குளிர்பதனப் பெட்டியின் மேல் மூன்று அரிசிப் பை, ஒன்று கிழிந்திருக்கிறது. இன்னோர் அறையில் ஒரு வயதான பெண் நீல நிறப் பிளாஸ்டிக் நாற்காலியில் என்னைப் பார்த்தபடி உட்கார்ந்து ஏதோ பேசுகிறாள். சத்தம் கேட்பதில்லை. ஒன்று கலையும், அடுத்தது வரும். எல்லா அறைகளையும் நான் மேலேயிருந்துதான் பார்க்கிறேன். ஓர் ஆள் உயரத்துக்கு மேல்.

கனவு என்று இருந்தேன். நீ எழுதிய கடிதம் வந்த அன்று தெரிந்த அறை பக்கிரிசாமியின் கூடம். அவர் மகள் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுக்குள் நான் போயிருக்கிறேன். எங்கிருந்து பார்த்தால் அந்த மேசையும் அந்தக் கதவும் அப்படித் தெரியும் என்று கணக்குப் போட்டேன். படம் மாட்டியிருக்கும் ஆணியிலிருந்து.

இன்னொன்றும் இருக்கிறது. முதன்முதலில், ஆகஸ்டுக்கெல்லாம் வெகு முன்பே, ஒரே ஓர் அறை தெரிந்துகொண்டிருந்தது. அதை நான் பொருட்படுத்தவில்லை. வெள்ளைத் தலை ஒன்று, நடு உச்சி எடுத்து வாரியது, குனிந்திருக்கும். கையில் செபமாலை. மேலேயிருந்து பார்ப்பதால் முகம் தெரியாது. போன வாரம் அந்த ரவிக்கையின் தோள் தையலைப் பார்த்தேன். நானே தைத்தது.

லியோனார்டின் படத்திலிருந்து நான் என்னைப் பார்க்கிறேன்.

ஓர் இறந்தவரின் கண்களை நீ ஊரெங்கும் வைத்தாய். அந்தக் கண்கள் பார்ப்பது எனக்கு ஏன் தெரிகிறது? நீ எதையோ எழுதாமல் விட்டிருக்கிறாய். உன் கடிதத்தில் "பெரியப்பாவின் கண்கள்" என்று ஓர் இடத்தில்கூட இல்லை. நான்கு முறை பார்த்துவிட்டேன்.

அகத்தா லியோனார்ட்


கூலிம்
21 மார்ச் 2024

அன்புள்ள பெரியம்மா,

உங்கள் கடிதம் வந்த சனிக்கிழமை பெண்டாங் போனேன். பிரிண்டைச் சரிபார்க்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டு உள்ளே நுழைந்தேன். கூடத்துச் சுவர் பச்சை. மோட்டார் சைக்கிள் உள்ளே நின்றது. பெட்டியின் மேல் அரிசிப் பை மூன்று, நடுவில் இருப்பது கிழிந்திருந்தது. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிரேமாவதி ஓடிப்போய் மைலோ கலக்கி வந்தாள்.

படம் நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஒன்னு சொன்னா சிரிக்கக் கூடாதுக்கா. மத்த நேரமெல்லாம் அது சும்மா படம்தான். மூணு மணிக்கு மேல முழிச்சிக்குது. மாமா உசுரோட இருந்தப்ப அந்த நேரத்துல தூங்குவாரு லா, முழிக்கிற ஆளே கெடையாது. எம் புருசன் பயப்படுவாருன்னு நான் சொல்லல" என்றாள். மணி இரண்டேமுக்கால். நான் அங்கே நிற்கவில்லை பெரியம்மா. மைலோவைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்.

அவை பெரியப்பாவின் கண்கள் இல்லை.

அப்பாவின் ஆல்பத்தில் கிடைத்தது இரண்டே படங்கள். புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு நீங்கள் இருவரும் போனபோது எடுத்தவை. பின்னால் 1989 என்று அப்பா எழுதியிருக்கிறார். ஒன்று நீங்கள் பெரியப்பாவை எடுத்தது. மழை மூட்டம், ஃப்ளாஷ் அடித்திருக்கிறது, அவர் கண்ணை மூடிவிட்டார். அடுத்தது பெரியப்பா உங்களை எடுத்தது. அதே படிக்கட்டு, அதே வெளிச்சம், அதே தூரம். வேறு எந்தக் கண்ணை வைத்தாலும் ஒட்டவில்லை. உங்கள் கண்களை வைத்தேன். ஒட்டிக்கொண்டது.

கொண்டு வந்து கொடுத்த அன்றே சொல்லத்தான் நினைத்தேன். நீங்கள் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, "இப்படித்தான் என்னைப் பார்ப்பார்" என்றீர்கள். நீங்கள் அழுததை நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். பெரியப்பா போனபோதுகூட நீங்கள் அழவில்லை. அதற்குப் பிறகு எப்படிச் சொல்வேன்?

அந்தப் படத்தில் நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது காமிராவை இல்லை பெரியம்மா. அதைப் பிடித்திருந்தவரை. அதனால்தான் எல்லோரும் அந்தக் கண்களைக் கேட்டு வந்தார்கள் என்று நினைக்கிறேன்.

செரீனா


லூனாஸ்
25 மார்ச் 2024

செரீனா,

ஒன்பது வீடுகளில் என் கண்ணுக்கு முன் விளக்கேற்றி ஊதுபத்தி காட்டுகிறார்கள். நான் இன்னும் சாகவில்லை.

என் வீட்டில் இரண்டு வருடமாகக் காலையில் எழுந்ததும் நான் வணக்கம் சொன்னது எனக்கேதான் என்றும் ஆகிறது.

அதைப் பற்றி இப்போது எழுத மாட்டேன். நேற்று குருத்தோலை ஞாயிறு. பலிபீடத்தில் சாமியார் எந்த நிறத்தில் உடுத்தியிருந்தார் என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்க வேண்டியதாயிற்று. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அந்த மாதிரிப் பார்வை எனக்கு வேண்டாம். நான் தனியாக வாழ்கிறவள். அரிசியில் கல் பொறுக்க வேண்டும், அடுப்பின் நீலம் தெரிய வேண்டும், கடிதம் எழுத வேண்டும். கண் போனால் பிறகு யாருடைய வீட்டிலாவதுதான் நான் இருக்க வேண்டும்.

அந்த ஒன்பது வீடுகளில்தான் என் பார்வை கரைகிறது. எல்லாவற்றையும் திரும்ப எடு. ஒவ்வொரு வீடாகப் போ. என்ன காரணம் சொல்வாயோ அது உன் பாடு. என் கூடத்துப் படத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

அகத்தா லியோனார்ட்


கூலிம்
15 ஏப்ரல் 2024

அன்புள்ள பெரியம்மா,

எட்டு வீடு முடிந்தது. மை சீக்கிரம் வெளுத்துவிடும், புதுப் பிரிண்ட் சும்மா தருகிறேன் என்று சொன்னேன். அநேகமாக யாரும் மறுக்கவில்லை. இந்த முறை மகன் கண், தங்கை கண், ஒரு வீட்டில் பேத்தியின் கண் என்று அவரவர் வீட்டிலேயே படம் எடுத்து வைத்தேன். அதிக நேரம் பிடிக்கிறது. முன்பு மாதிரி ஒட்டவும் இல்லை.

பக்கிரிசாமி அங்கிளுக்கு அவருடைய லைசென்ஸில் இருந்த மாறுகண்ணையே வைத்தேன். அந்தப் பிள்ளை படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நின்றேன். திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஐயோ, இதான் எங்கப்பா! என்னய பாக்காம செவுத்துல பல்லியத்தான் பாக்குறாரு" என்றாள். சிரித்துக்கொண்டே அழுதாள். அந்த ஒரு வீட்டில்தான் எனக்கு மனம் லேசானது.

பெண்டாங்கில் பிரேமாவதி பழைய படத்தைக் கொடுக்க ரொம்ப யோசித்தாள். கொடுத்துவிட்டு, "இனிமே மூணு மணிக்கு யாருக்கும் தேத்தண்ணி போட வேணாம்" என்றாள். பயந்தவள் என்று நினைத்திருந்தேன். ஏழு மாதமாக அந்தப் படத்துக்கு முன்னால் தினமும் ஒரு கிளாஸ் வைத்திருக்கிறாள்.

மிச்சம் ஒரு வீடு. புக்கிட் செலம்பாவில் காளியம்மா என்ற அம்மா. புருஷன் பெயர் அழகேசன், ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். பிள்ளைகள் இல்லை. அவருக்கு இருந்த ஒரே படம் அடையாள அட்டையின் ஜெராக்ஸ், கண் இருக்கும் இடத்தில் கறுப்பு மை. வைக்க வேறு கண்ணே இல்லாமல் இன்டர்நெட்டில் கிடைத்த பொம்மைக் கண்ணைத்தான் வைத்தேன். புதுப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். "வாம்மா, ஒக்காரு. நான் அவருகிட்ட ஒரு விசயம் சொல்லிக்கிட்டு இருக்கேன், முடிச்சிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நீலப் பிளாஸ்டிக் நாற்காலி. மணி மூன்று பத்து. அரை மணி நேரம் காத்திருந்தேன். கூப்பிட முடியவில்லை. படத்தைக் காரிலேயே வைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை கட்டாயம் முடித்துவிடுகிறேன். உங்கள் கண் எப்படி இருக்கிறது?

செரீனா


லூனாஸ்
17 ஏப்ரல் 2024

அன்புள்ள செரீனா,

இந்தக் கடிதத்தின் கோடுகளைப் பார். நேராக இருக்கின்றன. வலது கண் முழுவதும் தெளிந்துவிட்டது. நேற்று ஊசியில் நூல் கோத்தேன், முதல் முயற்சியிலேயே. இடது கண்ணின் ஓரத்தில் ஒரு மூட்டம் இருக்கிறது. அது புக்கிட் செலம்பாவ் என்று இப்போது தெரிகிறது.

சனிக்கிழமை அங்கே போகாதே.

அறைகள் ஒவ்வொன்றாக அணைந்தபோது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. இப்போது மூன்று மணிக்குக் கண்ணை மூடினால் அந்த ஓர் அறையும் என் அறையும்தான். நீ வாசலில் காத்திருந்த அன்று உன் செருப்பும் சேலை முந்தானையும் கதவிடுக்கில் தெரிந்தன. இரண்டாயிரம் முறை சொல்லியிருக்கிறேன், அந்த மஞ்சள் உனக்குப் பொருந்தாது.

அந்த அம்மாள் தினமும் வருகிறார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறார். பேசுவது கேட்பதில்லை என்று எழுதியிருந்தேன். இப்போது உதட்டைப் பார்த்துப் பாதி புரிகிறது. தம்பியோடு ஏதோ நிலத் தகராறு, அதை ஆறு நாளாகச் சொல்கிறார், இன்னும் முடியவில்லை. பொருட்களை என் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டுகிறார். மரத்தில் முதலில் பழுத்த கொய்யா. புதுக் கண்ணாடி. மின்சார பில், அதில் எதையோ விரலால் தட்டிக் கோபப்படுகிறார். திங்கட்கிழமை ஒரு புதுப் பாவாடையை விரித்துக் காட்டிவிட்டு, வெட்கப்பட்டு மடித்துக்கொண்டார். லியோனார்ட் போன இந்த ஒன்பது வருடமாக என்னிடம் யாரும் எதையும் கொண்டுவந்து காட்டவில்லை, செரீனா. நானும் யாருக்கும் காட்டவில்லை.

ஒரு கண்ணின் ஓரம் போனால் போகட்டும். அரிசியில் கல் பொறுக்க மறு கண் போதும்.

இதில் ஒரு பொய் இருக்கிறது என்பதை நான் மறக்கவில்லை. அவர் அழகேசன் என்று நினைத்து என்னிடம் பேசுகிறார். நான் லியோனார்ட் என்று நினைத்து என்னிடமே பேசியவள், ஆகையால் எனக்கு அதில் நீதி சொல்ல வாயில்லை. நான் தர முடிந்தது ஒன்றுதான். மூன்று மணிக்கு நான் ஒரு நாளும் தவற மாட்டேன். காய்ச்சலானாலும், விருந்தாளி வந்தாலும்.

நேற்று அவர் ஈரத் துணியால் படத்தின் கண்ணாடியைத் துடைத்தார். நெற்றி, கன்னம், பிறகு கண்கள், மெதுவாக. செபம் முடித்து நான் கண்ணைத் திறந்தபோது என் முகம் ஈரமாக இருந்தது. நான் அழவில்லை. அதை நீ நம்பினால் போதும்.

இனி என் கூடத்துப் படம். அதை வந்து எடுத்துக்கொண்டு போ. அந்தப் படிக்கட்டில் நான் எடுத்த படத்தையே பெரிதாக்கிக் கொண்டு வா, கண் மூடியபடியே. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணாமல் நான்தான் பொத்தானை அழுத்தியிருப்பேன். அவர் அப்படியே இருக்கட்டும். என்னை எப்படிப் பார்த்தார் என்பதை நான் இன்னொருவரின் கண்ணில் பார்க்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு வா. இப்போது நேரில் பேசலாம். நீ அழுதாலும் நான் எழுந்து போக மாட்டேன்.

உன் தொழிலை விடாதே. ஆனால் மாறுகண்ணை மாறுகண்ணாகவே விடு.

கடைசியாக ஒன்று. எனக்கு எழுபத்து நான்கு வயது, ரத்த அழுத்தம் இருக்கிறது. என் கண் மூடும் நாளில் உனக்குத்தான் முதலில் சொல்வார்கள். நீ உடனே இங்கே ஓடி வராதே. எனக்கு வேண்டியதை அக்கம்பக்கத்தார் செய்வார்கள், உடுத்த வேண்டிய சேலை பீரோவின் மேல் தட்டில் இருக்கிறது. நீ காரை எடுத்துக்கொண்டு நேரே புக்கிட் செலம்பாவுக்குப் போ. மூன்று மணிக்குள் போய்விடு. அந்தப் படத்தில் என்ன தெரியும் என்று எனக்குத் தெரியாது. எதுவானாலும் அந்த அம்மாள் அதைத் தனியாகப் பார்க்கக் கூடாது.

உன் பெரியம்மா